குதிகாலில் இரண்டு பேட்டண்ட்! வாசலின் டப்பாவும் பாதி பிளேடும்

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயந்திரம். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் அத்தை வீடு. மறுநாள் ராத்திரி கிரிவலம். பதினான்கு கிலோ மீட்டர், வெறுங்காலோடு. அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வேறு. ஆனால் நடையில் மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார்.

நான் உள்ளே நுழைந்தபோது அத்தை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் மாமாவின் ஷேவிங் செட்டிலிருந்து எடுத்த பாதி பிளேடு. பக்கத்தில் வாசலின் டப்பா. குதிகால் வெடிப்பின் ஓரத்தில் தடித்திருந்த தோலைச் சீவி எடுத்துக் கொண்டிருந்தார்.

"அத்தை, கீழே பாருங்க, ரத்தம்!"

"ஏண்டி இப்படிக் கத்தறே? எங்கே ரத்தம்?"

மொசைக் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. குதிகாலில் ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டு. அத்தைக்குத் தெரியவே இல்லை. "எரியலையே, வலிக்கலையே" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி இல்லை, வாசகிகளே. அதுதான் கெட்ட செய்தி!

அத்தை கதை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தத் தரையில் கிடந்த இரண்டு சாமான்களைப் பற்றிப் பேசலாம். வாசலின், பிளேடு இரண்டுமே ஒரு காலத்தில் பேட்டண்ட், அதாவது காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்புகள். ஒன்று பெட்ரோலியக் கிணற்றிலிருந்து வந்தது. மற்றது ஊர் ஊராக அலைந்த ஒரு சேல்ஸ்மேனின் மூளையிலிருந்து வந்தது. இரண்டும் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டன என்று தெரிந்துகொண்டால், எதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

எண்ணெய்க் கிணற்றில் ஒட்டிய மெழுகு

1859-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் டைட்டஸ்வில் என்ற ஊரில் பூமியைத் துளையிட்டு எண்ணெய் எடுத்தார்கள். அதுவரை திமிங்கிலக் கொழுப்பிலிருந்து விளக்கெண்ணெய் தயாரிக்கும் தொழிலில் இருந்த ராபர்ட் செஸ்புரோ என்ற இளம் வேதியியலாளருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பூமியிலிருந்து எண்ணெய் வந்தால் தன் பிழைப்பு போய்விடுமே! என்னதான் நடக்கிறது என்று பார்க்க நேரிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

அங்கே தொழிலாளர்கள் ஒரு விஷயத்துக்குத் தலையில் அடித்துக் கொண்டிருந்தார்கள். எண்ணெய் இறைக்கும் கம்பிகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு மெழுகு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் அதே ஆட்கள், கையில் வெட்டுக்காயமோ சுட்ட புண்ணோ வந்தால் அந்த மெழுகைத்தான் எடுத்துத் தடவிக் கொண்டார்கள்.

செஸ்புரோ அதைக் கொஞ்சம் எடுத்து வந்தார். பல வருஷம் சோதனை. பெட்ரோலியத்தின் கனமான மிச்சத்தைச் சூடாக்கி, எலும்புக் கரி வழியாக வடிகட்டிப் பார்த்தார். கறுப்பும் நாற்றமும் போய், வெளிர் நிறத்தில் மணமில்லாத ஒரு களிம்பு கிடைத்தது. 1872 ஜூன் மாதம் அமெரிக்க பேட்டண்ட் கிடைத்தது. எண் 1,27,568. அந்தப் பேட்டண்டிலேயே அதற்கு வைத்த பெயர்: வாசலின்!

அதை விற்க அவர் செய்த காரியம் வேடிக்கையானது. ஜனங்கள் முன்னால் தன் கையிலேயே சுட்டுக்கொண்டு, அதன் மேல் வாசலின் தடவிக் காட்டுவாராம். தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டதாகவும் சொல்வார்கள். 96 வயது வரை இருந்து 1933-ல் காலமானார். (அதற்காக நீங்களும் ஸ்பூனைத் தேடாதீர்கள்! அது வெளிப்பூச்சுக்கு மட்டுமே.)

மணலி சமாசாரம்

"பெட்ரோல் வரும் இடத்திலிருந்து வரும் சாமானையா முகத்தில் பூசுவது?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குள் எட்டிப் பார்ப்போம்.

நம் தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த மணலியில் இருப்பது பழைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ். 1965-ல் நிறுவனம் தொடங்கி, 1969-ல் ஆலை ஓட ஆரம்பித்தது. இப்போது அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். காஸ், பெட்ரோல், டீசலோடு, மெழுகும் மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கே தயாராகின்றன.

கச்சா எண்ணெய் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான எண்ணெய்கள் சேர்ந்த கதம்பம். அதை 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். லேசானவை ஆவியாகி மேலே போகும். கனமானவை கீழே தங்கும். உச்சியில் காஸ், அடுத்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று தட்டுத் தட்டாகப் பிரியும். அடியில் மிஞ்சுவது கெட்டிக் குழம்பு.

அந்தக் குழம்பை மேலும் சூடாக்கினால் கருகிவிடும். அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்த இன்னொரு கோபுரத்தில் காய்ச்சுவார்கள். ஊட்டியில் தண்ணீர் நம் ஊரை விடச் சீக்கிரம் கொதிப்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா? உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான். ஆலையிலும் அதே தந்திரம்தான், குறைந்த சூட்டிலேயே கனமான எண்ணெய் பிரிந்துவிடும்.

கடைசியில் மிஞ்சுவதிலிருந்து தாரைப் பிரித்து, குளிர வைத்து மெழுகை எடுப்பார்கள். மெழுகும் எண்ணெயும் சரியான பக்குவத்தில் கலந்து நிற்பதுதான் பெட்ரோலியம் ஜெல்லி. அதனால்தான் அது கட்டியும் இல்லை, திரவமும் இல்லை. பெட்ரோல் மணம் வராததற்கும் காரணம் இதுதான். பெட்ரோல் கோபுரத்தின் மேல் பக்கத்துச் சரக்கு, ஜெல்லி அடிப்பக்கத்துச் சரக்கு.

முக்கியமான கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. சுத்தம் செய்யாத பெட்ரோலிய மிச்சத்தில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில வேதிப்பொருள்கள் இருக்கும். மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தியும், களிமண், கரி போன்றவற்றில் வடிகட்டியும் அவற்றை நீக்குகிறார்கள். மிக நன்றாகச் சுத்திகரித்த ஜெல்லி வெள்ளையாக இருக்கும். ஆகவே வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். 'ஒயிட் பெட்ரோலியம் ஜெல்லி ஐ.பி.' என்று இருக்கிறதா? (ஐ.பி. என்றால் இந்திய மருந்தியல் நூலின் தரம்.) தயாரிப்பு லைசென்ஸ் எண் இருக்கிறதா? தேதிகள் இருக்கின்றனவா? மெஷினுக்குப் போடும் கிரீஸை, "அதுவும் இதே ஜாதிதானே" என்று காலில் தடவுவது மகா தப்பு.

வாசலின் என்னதான் செய்கிறது?

இதுதான் பலருக்குத் தெரியாத ரகசியம். வாசலினில் ஈரமே கிடையாது! அது தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி போடுகிறது. சாதம் ஆறிப் போகாமல் தட்டால் மூடுகிறோமே, அது மாதிரி.

காய்ந்த பாத்திரத்துக்கு மூடி போட்டு என்ன பயன்? அதனால், காய்ந்துபோன குதிகாலில் அப்படியே தடவினால் பாதிப் பலன்தான். காலைக் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே தடவினால் முழுப் பலன்.

இது கிருமிநாசினியும் இல்லை. ஆனால் சுத்தமான சிறு காயத்தைக் காய்ந்து பொருக்கு கட்டாமல் ஈரமாக வைத்திருப்பதால், தோல் ஆறுவதற்கு உதவும். 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. சின்ன தோல் அறுவை சிகிச்சைக் காயங்களில் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டவர்களுக்கும், வெறும் வெள்ளை ஜெல்லி போட்டவர்களுக்கும் கிருமித் தொற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். கவனிக்க வேண்டியது, அவை டாக்டர் சுத்தமாகச் செய்த காயங்கள். கிரிவலப் பாதையில் கல் குத்திய காயம் அந்த ரகம் அல்ல!

தாடிக்கு வந்தது, குதிகாலுக்கு வரவில்லை

இனி பிளேடு. கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் ஊர் ஊராகச் சரக்கு விற்ற அமெரிக்கர். அந்தக் காலத்தில் சவரக் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்த வேண்டும். "தீட்டவே வேண்டாத, மழுங்கினால் தூக்கி எறிகிற மெல்லிய தகடு இருந்தால்?" என்று யோசித்தார். அவ்வளவு மெல்லிய இரும்பைக் கூர் செய்ய முடியாது என்று பலரும் கையை விரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். 1901-ல் மனு போட்டு, 1904 நவம்பரில் பேட்டண்ட் கிடைத்தது. முதல் வருஷம், 1903-ல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அந்த ரேசரைச் 'சேஃப்டி' ரேசர் என்றார்களே, ஏன்? பிளேடு பத்திரமில்லை, அதைப் பிடித்திருக்கும் சட்டம்தான் பத்திரம். தோலில் எவ்வளவு ஆழம் படலாம் என்பதை அந்தச் சட்டமே முடிவு செய்கிறது. அதைக் கழற்றி, பிளேடைப் பாதியாக உடைத்துக் கையில் பிடித்துக் குதிகாலைச் சீவினால், கண்டுபிடித்தவர் கொடுத்த பாதுகாப்பு அத்தனையும் குப்பைக்குப் போய்விட்டது. மிஞ்சியது கூர்மை மட்டும்.

'பேட்டண்ட்' என்றால் நல்லது என்று அர்த்தமா?

இல்லை! இதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். "பேட்டண்ட் பெற்ற மசாஜர்", "பேட்டண்ட் பெற்ற தைலம்" என்று விளம்பரம் வந்தால் உடனே பர்ஸைத் திறந்து விடாதீர்கள்.

பேட்டண்ட் ஆபீஸ் மூன்று கேள்விதான் கேட்கும். இது புதியதா? இந்தத் துறை தெரிந்த எவரும் சுலபமாக யோசித்துவிட முடியாததா? தொழிலில் தயாரிக்கக் கூடியதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், மனு செய்த நாளிலிருந்து 20 வருஷத்துக்கு, அனுமதியில்லாமல் மற்றவர்கள் அதைச் செய்து விற்க முடியாதபடி தடுக்கும் உரிமை கிடைக்கும். பதிலுக்குக் கண்டுபிடித்தவர் ரகசியத்தை எழுத்தில் போட்டுவிட வேண்டும். காலம் முடிந்ததும் அது ஊர்ச் சொத்து. நம் நாட்டில் 1970-ம் வருஷச் சட்டப்படி இது நடக்கிறது. சென்னை கிண்டியிலும் ஒரு பேட்டண்ட் ஆபீஸ் இருக்கிறது.

உடம்புக்கு நல்லதா, பாதுகாப்பானதா என்று பார்ப்பது வேறு சட்டம், வேறு அதிகாரிகள். மருந்துக்கும் அழகு சாதனங்களுக்கும் அதற்கான லைசென்ஸ் தனி. சில தைல பாட்டில்களில் 'ஆயுர்வேதிக் ப்ரொப்ரைட்டரி மெடிசின்' என்று போட்டிருக்கும். அது சட்டம் வைத்திருக்கும் ஒரு வகைப் பெயர். பேட்டண்ட் கொடுத்த சான்று அல்ல.

புதியது அல்லாததற்குப் பேட்டண்ட் கொடுத்துவிட்டால்? நம் மஞ்சளுக்கே அது நடந்தது. மஞ்சள் தூளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் பேட்டண்ட் கொடுத்துவிட்டார்கள். "எங்க பாட்டி தடவினதுக்கு இவங்க பேட்டண்டா?" என்று நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தால் மட்டும் போதாதே! நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களிலிருந்தும் ஆய்வு இதழ்களிலிருந்தும் ஆதாரம் திரட்டி எதிர்த்தது. 1997-ல் அந்தப் பேட்டண்ட் ரத்தானது. (ஒன்று கவனியுங்கள். "மஞ்சள் புதிதல்ல" என்பதுதான் தீர்ப்பு. "எல்லாப் புண்ணுக்கும் மஞ்சள் போதும்" என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை!)

நல்ல கண்டுபிடிப்புக்கு நம் கோவை அருணாசலம் முருகானந்தத்தைச் சொல்லலாம். மரக்கூழைப் பஞ்சாக்கி, அழுத்தி, கிருமி நீக்கி, குறைந்த செலவில் சானிட்டரி நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார். பெரிய கம்பெனிகளுக்கு விற்றுக் கோடீஸ்வரராக ஆகியிருக்கலாம். பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது.

குதிகால் ஏன் வெடிக்கிறது?

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. வியர்வை ஈரம் ஒன்றுதான் அதற்குக் கதி. வெறுங்கால் நடை, நீண்ட நேரம் நிற்பது, உடல் பருமன், பின்பக்கம் திறந்த செருப்பு, சோப்புத் தண்ணீரில் நிற்கும் வேலை எல்லாம் சேர்ந்தால் தோல் தடித்து, காய்ந்து, எடை தாங்காமல் பிளக்கும். சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தால் காலில் வியர்ப்பதும் குறைந்துவிடும். அதனால் வெடிப்பு அதிகமாகும். அதே நரம்புக் கோளாறால் வலியும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் சுலபத்தில் ஆறாது. அத்தைக்கு நடந்தது இதுதான்.

சாதாரண வெடிப்புக்கு வீட்டு முறை இதோ.

* ராத்திரி படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவுங்கள். சர்க்கரை இல்லாதவர்கள் பத்து நிமிடம் ஊற வைக்கலாம்.
* தடித்த இடத்தைப் படிக்கல்லால் லேசாக, தினமும் கொஞ்சமாகத் தேயுங்கள். ஒரே நாளில் வெள்ளைக்காரி பாதம் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்!
* ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் ஜெல்லி தடவி, சுத்தமான பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். தரை வழுக்கும், ஜாக்கிரதை.
* விரல் இடுக்கில் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.
* இரண்டு மூன்று வாரத்தில் குணம் தெரியாவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள். யூரியா கலந்த களிம்பு போன்றவை தேவைப்படலாம். வெடிப்பு போலவே தோன்றும் பூஞ்சைத் தொற்று, சொரியாசிஸ் போன்றவையும் உண்டு.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனிச் சட்டம்

பிளேடு, கத்தி, நகவெட்டியின் கூர்முனை எதுவும் பாதத்தோலின் பக்கம் வரக் கூடாது. கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். காலைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, வலியே கிடையாது.

சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், கெட்ட வாடை, கறுத்துப் போவது இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். அன்றைக்கே டாக்டர்!

வாசலினை இங்கெல்லாம் போடாதீர்கள்

* சுட்ட உடனே போடக் கூடாது. செஸ்புரோ செய்து காட்டியது அந்தக் காலம். முதலில் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஜெல்லி முதலில் போனால் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.
* சளி பிடித்த குழந்தையின் மூக்குக்குள் தினமும் தடவ வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி நுரையீரலைப் பாதிக்கலாம். முதியவர்களுக்கும் இது பொருந்தும்.
* ஆழமான காயம், சீழ் பிடித்த புண் மேல் போட்டு மூடாதீர்கள்.
* ரப்பர் ஆணுறையோடு சேராது. ரப்பரைப் பலவீனமாக்கி கிழித்துவிடும்.
* நெருப்புப் பக்கம் கவனம். துணியில் ஊறிப்போன ஜெல்லி, அகல் விளக்கின் திரியில் ஊறிய எண்ணெய் மாதிரிதான். பற்றினால் சட்டென்று எரியும். கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக விளக்கு வைக்கும்போது, களிம்பு படிந்த சாக்ஸோ புடவைக் கரையோ வேண்டாம்.

அத்தை என்ன ஆனார்?

அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனோம். நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார் டாக்டர். பத்து இடத்தில் ஆறு இடத்தில் அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அம்மா, இந்தக் காலோட நாளைக்கு நடந்திருந்தீங்கன்னா, நீங்க என்கிட்ட இல்லை, சர்ஜன்கிட்ட போயிருப்பீங்க" என்றார். மூன்று வாரம் டிரெஸ்ஸிங். புண் ஆறியது. கால் பிழைத்தது.

அந்த மாசம் அத்தை மாமாவோடு ஆட்டோவில் மலையைச் சுற்றி வந்தார். முகத்தை 'உம்'மென்று வைத்துக்கொண்டுதான்! இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தென்ற செருப்பும் பருத்தி சாக்ஸும் போட்டு, இடையிடையே உட்கார்ந்து, பாதி தூரம் நடக்கிறார். வாசலின் டப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கூடவே ஒரு கைக்கண்ணாடி. பிளேடு?

"அது மாமா தாடிக்கு மட்டும்டி" என்கிறார் அத்தை.

இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து விடுங்களேன்.